பட்டியலில் மூன்றாவது வீடு

பட்டியலில் மூன்றாவது வீட்டைப் பார்த்ததும் கழுகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அது அவர் குடியிருக்கிற வீடு.

சட்டமன்ற உறுப்பினர்களின் சொத்து விவரத்தைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். யார் எதை மறைத்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். வாடகைச் சட்டக் குழுவின் தலைவர், ‘வாடகைக்கு விட்ட வீடு எதுவுமில்லை’ என்று எழுதித் தந்திருந்தார். பத்திரப்பதிவில் துருவினால் மனைவி பெயரில் பதினோரு வீடு! ஊரார் சொத்தையெல்லாம் நோண்டுகிற கழுகு, தன் வீட்டுக்காரர் யாரென்று மட்டும் கேட்டதே இல்லை. மாதம் பிறந்தால் தரகர் வந்து வாடகை வாங்கிப்போவார், அவ்வளவுதான்.

சம்பந்தமுள்ளவர் கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. காரணம் சொல்லாமல் அதைத் தலைமை எழுத்தரிடம் தள்ளினார். அவர் பட்டியலைப் படித்தார், வியர்த்தார், கண்வலி என்று திருப்பித் தந்தார். மேலதிகாரி அம்மாளோ படித்துவிட்டு மடமடவென்று தண்ணீர் குடித்து, நாளைக்குள் கழுகே அறிக்கை தர வேண்டும் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சலுகை வாடகை என்ற பேச்சாவது வேண்டாமென்று, வாடகையை ஏற்றச் சொல்லிக் கழுகு தரகரைப் பிடித்தார். தரகர் அதைக் குத்தல் என்று நினைத்து, கால்வாசியைக் குறைத்துவிட்டுப் போனார். இல்லாத வில்லங்கமும் வந்து சேர்ந்தது.

வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இந்த வாடகைக்கு வேறு வீடு கனவிலும் கிடைக்காது.

"எழுதிக் குடுங்க. நான் சாமான் கட்டறேன். பயந்து பேனாவ மூடி வெச்சவர் பொண்டாட்டின்னு என்னால வெளிய தலைகாட்ட முடியாது."

‘நானும் இவர் வீட்டில்தான் குடியிருக்கிறேன்’ என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினார். தலைவரின் பதவி போயிற்று. மறுவாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தரகர் வந்து நின்றார்.

லாரி வந்தது. கழுகு வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மனைவிக்கும் பெருமை பிடிபடவில்லை.

"எங்க ஆபீஸ்ல இப்படி எழுதிக் குடுக்க வேற யாருக்குத் தைரியம் வரும், சொல்லு?"

பீரோவைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"காலையில உங்க தலைமை எழுத்தர் வீட்டைக் காலி பண்ணினேன், மத்தியானம் உங்க மேலதிகாரியம்மா வீட்டை. மூணு வீட்டுக்கும் ஒரே தரகர்தான். அவர் வீட்டுலதான் இருக்கோம்னு அவங்களும் எழுதிக் குடுத்துட்டாங்களாம், இதையேதான் சார் சொன்னாங்க."