கடையில் பரவா இல்லை

அந்த ஊரில் யார் எந்தக் கடையில் சாப்பிட்டாலும் சாப்பாட்டைப் பற்றி ஒரு கருத்து சொல்லிவிட்டுத்தான் பல் குத்துவார்கள். இவ்வளவு கருத்து தினமும் தெருவில் வீணாவதைக் கண்டு மனம் வருந்திய நகராட்சி, அதைத் திரட்டி முறைப்படுத்த ஓர் அலுவலகம் திறந்தது. 'உண்டபின் கருத்து ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகைக்குச் சுவர் போதாமல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் பாதியை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது.

பிரிவின் கண்ணில் முதலில் பட்டவர் அரைக்கரண்டியார். குழம்பை முழுக் கரண்டியாக மொண்டு, ஊற்றும்போது மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி, பாதியைத் திரும்பப் பாத்திரத்துக்கே கொண்டுபோய்விடும் வித்தை கைவந்தவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி சொக்கத் தங்கம். கடை சின்னது. சமையலும் பரிமாறலும் அவர், கல்லாவில் மனைவி. எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட, குளிரூட்டிய பெரிய கடை அவருடைய சகலையுடையது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சகலையை எதிலாவது மிஞ்சிவிட வேண்டும் என்று அவர் பாடுபட்டு வந்தார். இதுவரை மிஞ்சியது குழம்புதான்.

கருத்தாளர் என்ற பதவியோடு ஒருவர் அவர் கடைக்கு வந்து, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஈரக் கையோடு மனிதன் அதிக தூரம் ஓடமாட்டான் என்பது துறை கண்ட உண்மை. சாப்பிட்டு வந்தவர்களை ஒவ்வொருவராக மடக்கி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பரவாயில்லை.

இது நம்மவர் நாக்கிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு என்பது நமக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்றால் விலையை ஏற்றிவிடுவார்கள். நன்றாக இல்லை என்றால் சண்டைக்கு வருவார்கள். இந்த இரண்டு பயத்துக்கும் பிறந்த பிள்ளைதான் இந்தச் சொல். மகன் வாங்கிய மதிப்பெண், மாமனார் போட்ட மோதிரம், காலை மிதித்தவன் கேட்கும் மன்னிப்பு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்.

தலைமையகத்துக் கணினிக்கு மாமனார் கிடையாது. 'இல்லை' என்று முடியும் கருத்துகளை எல்லாம் பற்றாக்குறைப் புகார் என்று பிரிக்கும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சோப்பு இல்லை, மின்விசிறி இல்லை, தண்ணீர் இல்லை. அந்த வரிசையில் அது நேர்மையாக 'பரவா இல்லை' என்பதையும் வைத்தது. ஊரிலேயே அதிகமான பேர் குறைப்பட்டுக்கொண்ட பொருள் பரவா என்று முடிவு வந்தது. பதினைந்து நாளுக்குள் பரவா இருப்பு வைக்காவிட்டால் கடை பூட்டப்படும் என்று கருத்தாளர் வந்து அறிவித்தார்.

அரைக்கரண்டியார் கொஞ்சம் படித்தவர். அதுதான் வினையாகப் போயிற்று.

"சார், பரவான்னா கவலைன்னு அர்த்தம். வெளியூர்ச் சொல்லு. கவலை இல்லைன்னுதான் சொல்றாங்க."

"வெளியூர்ச் சரக்கா? அப்ப இறக்குமதி அனுமதியும் வேணுமே."

"சரக்கே இல்லை சார் அது."

"இல்லைன்னுதானே நாங்களும் சொல்றோம்" என்றார் கருத்தாளர் பொறுமையாக. "நீங்களே ஒத்துக்கிட்டது நல்லதாப் போச்சு."

கடை போனால் சகலை கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவேண்டியதுதான் என்று மனைவி அன்று சாயங்காலம் நினைவூட்டினாள். அந்த ஸ்டூல் அவர் கண் முன்னால் வந்து நின்றது. நேரே அடுப்படிக்குப் போனார். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தார், பால் ஊற்றினார், பதற்றத்தில் உப்புப் போட மறந்தார். கிண்ணத்தில் அள்ளிவைத்து, வாசலில் 'இங்கு பரவா கிடைக்கும்' என்று பலகை மாட்டினார். கருத்தாளர் வந்து பலகையைப் பார்த்தார். கிண்ணத்தையும் பார்த்தார். திருப்தியோடு போய்விட்டார்.

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள் என்றுதான் அரைக்கரண்டியார் பயந்தார். யாரும் சிரிக்கவில்லை. கைப்பேசியில் சாப்பாட்டைப் படம் பிடித்தே பிழைக்கும் இளைஞன் ஒருவன் வந்து, கிண்ணத்தை நாலு கோணத்தில் எடுத்தான். ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினான். திறந்ததும், உப்பில்லாமைதான் பரவாவின் உயிர் என்றும், அது நாக்கிடம் எதையும் திணிப்பதில்லை என்றும் பேசிப் பதிவேற்றினான். மறுநாள் கடை வாசலில் வரிசை நின்றது. கிண்ணத்தை இடக்கையில் பிடித்துச் சாப்பிட்டவர்களைப் பார்த்து, வலக்கையில் பிடித்தவர்கள் வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டார்கள். பரவா சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கோபப்படக் கூடாது என்று ஒரு மருத்துவர் சொன்னதாகச் சொன்னார்கள். மருத்துவர் யாரென்று கேட்டவர்கள் கோபப்படுவதாகக் கருதப்பட்டார்கள்.

இதில் பெரிய அதிசயம் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்றவர், தினமும் அங்கேயே சாப்பிடுகிறவர். எதையும் வழிமுறை இல்லாமல் ஏற்காதவர். அவர் ஒருநாள் கிண்ணத்தை வழித்துவிட்டு, "எங்க அத்தை பண்ணுவாங்க இதை. சின்ன வயசுல சாப்பிட்டது" என்று தழுதழுத்தார். அவர் அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது என்பது அரைக்கரண்டியாருக்குத் தெரியும். கூட்டமான நேரமாக இருந்ததால் கேட்கவில்லை.

வியாபாரம் என்றால் போட்டி வரும். சகலையும் பரவா போட்டார். ஆனால் அவர் உப்புப் போட்டார். பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பச்சை நிறமும் சேர்த்தார். ஊரெல்லாம் ஆளுக்கொரு விதமாகப் பரவா செய்வதைக் கண்ட ஒருங்கிணைப்புப் பிரிவு, தரம் கெட்டுவிடக் கூடாதே என்று பதறி, அசல் பரவா எது என்று வரையறுக்கக் குழு போட்டது. வெயில் காலம். குழு குளிரூட்டிய இடத்தில்தான் கூட முடியும். ஆகவே சகலை கடையில் கூடியது, அங்கேயே சாப்பிட்டது, அங்கே சாப்பிட்டதையே அசல் என்று தீர்மானித்தது.

அரைக்கரண்டியார் கடைப் பரவா பரிசோதிக்கப்பட்டது. பச்சை இல்லை, உப்பு இல்லை. போலி என்றார் கருத்தாளர்.

"சார், இதைக் கண்டுபிடிச்சதே நான்தான். உருளைக்கிழங்கும் பாலும். பரவான்னு ஒண்ணு உலகத்துலேயே கிடையாது."

"கிடையாதா? அப்ப இத்தனை நாளா இல்லாத பொருளையா வித்தீங்க?"

உண்டு என்றால் போலி, இல்லை என்றால் மோசடி. சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் பக்கம் அரைக்கரண்டியார் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள், இப்படி ஒரு பண்டத்தைப் பற்றி என் கடைக்கு வருமுன் யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று முறையிட்டார். எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். கேள்விப்படாததை ரசித்தோம் என்று யார் சொல்வார்கள்? கணக்கு வாத்தியார்தான் மெதுவாக எழுந்தார்.

"எங்க அத்தை பண்ணும்போது பச்சையாத்தான் இருக்கும்" என்றார்.

கடைசியில் கருணையோடு ஒரு வழி சொன்னார்கள். அரைக்கரண்டியார் அசல் பரவாவை உண்டு, அதன் சுவையை உணர்ந்தேன் என்று கருத்தாளர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் கடையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படியாக, இருபது வருஷமாக வைராக்கியமாகக் கால் வைக்காத எதிர்க்கடைக்கு அவர் தெருவைக் கடந்து போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று கூடத் தெரியவில்லை. சகலை தானே வந்து பரிமாறினார். பச்சையாக, குளிர்ந்து, கொஞ்சம் உப்புக் கரித்தது. உருளைக்கிழங்கு சரியாக வேகவும் இல்லை. எல்லா மேசையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. குழாயடியில் கருத்தாளர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சகலை, எப்படி?" என்றார் சகலை.

பழக்க தோஷத்தில் அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அது புகார். அதை விழுங்கினார், ஸ்டூலை நினைத்துக்கொண்டார். பிறகு வாத்தியாரைப் பார்த்துக் கற்ற பாடத்தை, தன் குடும்பத்துக்குத் தகுந்தபடி மாற்றிச் சொன்னார்.

"அப்படியே நம்ம மாமியார் கைப்பக்குவம்."

இரண்டு பேருக்கும் பெண் கொடுத்த அந்த அம்மாள் அடுப்படிப் பக்கமே போகாதவர் என்று சகலைக்கும் தெரியும். ஆனால் சுற்றிலும் வாடிக்கையாளர்கள். "அவங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே" என்று அவரும் தலையாட்டினார். இரண்டு சகலைகளும் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

குழாயடியில் நின்றவருக்கு அது தெளிவாகக் கேட்டது. அசலுக்கும் ஓர் அசல் இருப்பதைத் துறை அறிந்தபின் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் காலை முழுக் குழுவும் மாமியார் வீட்டுக் கூடத்தில் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்து, பரவா தங்களிடமிருந்து வந்ததாக மாப்பிள்ளைகள் சொல்வது உண்மையா என்று பணிவோடு கேட்டது.

அந்த அம்மாள் பரவா என்ற பேரையே அன்றுதான் கேட்டார். வந்திருப்பது பெரிய மனிதர்கள், அக்கம்பக்கத்தார் வேறு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். "ரெண்டு பேருக்குமே சரியா வரலை."