பொன்னுத்தாயியின் மத்தியானத் தூக்கம்

ஆமை நிதானமான பிராணி என்று கற்றவர்களும் மற்றவர்களும் ஒரே குரலில் சொல்லி வருகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய பிழை. இத்தனை தலைமுறைகள் இதைத் திருத்தாமல் உண்டு உறங்கி வாழ்ந்திருக்கின்றன என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. ஆமைக்கு நிதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. அதற்கு ஓடு இருக்கிறது. முதுகில் அப்படியொன்று இருந்தால் பூரான்கூட நிதானமாகத்தான் நடக்கும்.

இந்த நுட்பம் புரியாமல் போனதால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருத மரத்தின் உச்சிக் கிளையில் பொன்னுத்தாயி என்றொரு மந்தி இருந்தாள். (மந்தி என்றால் பெண் குரங்கு. ஆண் குரங்கை அப்படி அழைப்பவர்களுக்காக வேறொரு சமயம் வருந்துவோம்.) மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. இரு தரப்புக்கும் இடையே பழைய உடன்பாடு ஒன்று உண்டு. மந்திக்குக் கண் கூர்மை. புதருக்குள் புலி அசைந்தால் அவள் மேலிருந்து குரல் கொடுப்பாள், மான்கள் ஓடிவிடும். மான்களுக்கு மூக்கு கூர்மை. பொன்னுத்தாயி தண்ணீர் குடிக்க இறங்கும்போதும், மத்தியானத்தில் சற்றுக் கண்ணயரும்போதும், அவை மோப்பம் பிடித்துக் காவல் இருக்கும்.

உடன்பாட்டின் முதல் பாதி குறையில்லாமல் நடந்தது. இரண்டாம் பாதியை மான்கள் மெல்ல மெல்லக் கைவிட்டன. காவல் இருந்துகொண்டே அசைபோட்டால் சரியாகச் செரிப்பதில்லை என்று அவை கண்டறிந்திருந்தன.

ஆகவே பொன்னுத்தாயி தூங்குவதை விட்டாள். கை நடுங்க ஆரம்பித்தது. காய்ந்த இலை விழுந்தாலும் கத்தினாள். ஒருநாள் தன் வாலின் நிழலைப் பார்த்தே கத்திவிட, மொத்தக் கூட்டமும் ஆற்றைத் தாண்டி ஓடி, முழங்கால் சிராய்த்துத் திரும்பி வந்தது.

கூட்டத்தின் தலைவர் குணசீலன், கொம்பு கிளைத்த பெரிய ஆண்மான், மரத்தடிக்கு வந்து அவளுக்கு என்னதான் ஆயிற்று என்று அக்கறையோடு விசாரித்தார்.

“ஒண்ணும் இல்லண்ணே. மத்தியானம் ஒரு தூக்கம் போட்டா சரியாயிரும். அந்த நேரம் மட்டும் உங்கள்ல யாராவது மோப்பம் பாத்துக்கிட்டா போதும்.”

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே கூட்டத்தைக் கூட்டினார். மனநலம் எவ்வளவு முக்கியம், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தவறு என்று நெடுநேரம் வெளிப்படையாகப் பேசினார். பூங்கோதை என்ற இளம் மான் மட்டும் எழுந்து, மத்தியானக் காவலுக்குத் தானே நிற்பதாகச் சொன்னாள். நல்ல எண்ணம்தான், ஆனால் நாம் பிரச்சினையின் வேருக்குப் போக வேண்டும் என்று மூத்த மான்கள் அவளை உட்கார வைத்தன. வேர் பொன்னுத்தாயிக்குள்தான் இருக்கிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மனநல வாரம் அறிவிக்கப்பட்டது. விடிந்ததும் விடியாததுமாகக் கிளிகள் வந்து பொன்னுத்தாயியின் காதருகே ‘இனிய காலை வணக்கம்’ சொல்லி, மடியில் ஒரு காட்டுப்பூவைப் போட்டுவிட்டு, இன்றைய சிந்தனை ஒன்றையும் ஒப்பித்துச் சென்றன. கருக்கலில் தன்னையறியாமல் அவள் போட்டுவந்த கோழித் தூக்கமும் இவ்வாறு ஒழிந்தது.

சிறப்பு ஆலோசகராக சாந்தமூர்த்தி என்ற ஆமை வரவழைக்கப்பட்டார். புலியே மிதித்தும் பதறாதவர் என்று அவருக்குப் பெயர். (இது உண்மை. மிதித்தது ஓட்டின் மேல்.) முறைப்படி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் அவர் முழுமையாக மறைந்துவிட்டார், எனவே சிறப்புரை பொன்னாடைக்கு அடியிலிருந்து நிகழ்ந்தது. வெளியே நடப்பது எதுவும் நம் கையில் இல்லை, உள்ளே போவது மட்டுமே நம் கையில் இருக்கிறது என்றார். பயம் வந்தால் அதைவிட்டு ஓடாதீர்கள், கண்ணை மூடி அதன் பக்கத்தில் உட்காருங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். மான்கள் அசைபோடுவதையே நிறுத்திவிட்டுக் கேட்டன.

பிறகு அவர் பொன்னுத்தாயியைத் தனியாகச் சந்தித்தார்.

“புலி வந்தா என்னங்கய்யா செய்யறது?” என்று அவள் கேட்டாள்.

“உள்ள போயிரும்மா.”

“எனக்கு உள்ள போறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே.”

“அப்படி நினைக்கிறதுதாம்மா வியாதி.”

அவர் போன பின் பொன்னுத்தாயி தலையை முழங்கால்களுக்கு நடுவே திணித்துப் பார்த்தாள். முதுகு அப்படியே வெளியில் இருந்தது.

மான்களுக்கோ பயிற்சி மிகவும் பிடித்துப்போயிற்று. இனிமேல் பொன்னுத்தாயி கத்தினால் அதைக் கத்தலாகக் கருதக் கூடாது, துணை தேடும் ஓர் உள்ளத்தின் அழைப்பாகக் கருத வேண்டும் என்று குணசீலன் விளக்கினார். இத்தனை காலமும் அவள் கத்தக் கத்த நாம் ஓடியிருக்கிறோமே, அவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று அவர் கேட்டபோது சில மான்கள் அழுதன.

ஒரு சாயங்காலம் மூங்கில் புதருக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ நகர்ந்தது. பொன்னுத்தாயி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இலை இல்லை. நிழலும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

கூட்டம் பாய்ந்து வந்தது. புலியைக் கண்டுகூட அது இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

“நீ பயப்படறதை நாங்க மதிக்கிறோம், பொன்னுத்தாயி,” என்றார் குணசீலன்.

“பயமெல்லாம் இல்லண்ணே. புலி வருது. மூங்கில் பக்கம்.”

“வரட்டும். மூச்சை மெதுவா இழு.”

“எந்திரிச்சு ஓடுங்கண்ணே. உங்க மச்சானுக்குப் பின்னாலயே நிக்குது.”

“இப்ப மெதுவா விடு.”

புலி சற்றுத் தயங்கியது. இரை இப்படி வட்டமாக உட்கார்ந்திருப்பதை அது கண்டதில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அதற்குமே கொஞ்சம் படபடப்பு ஏற்பட்டது. வட்டத்தோடு சேர்ந்து ஒருமுறை மூச்சை இழுத்து விட்டது. படபடப்பு அடங்கியது. குணசீலனின் மச்சானைக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து போனது.

கண்ணைத் திறந்து ஓடியவள் பூங்கோதை ஒருத்திதான்.

மறுநாள் கூடிய கூட்டத்தில் வட்டத்தைக் கலைத்த குற்றத்துக்காக அவள்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. உட்காரக் கற்றுக்கொள்ளும்வரை ஆற்றுக்கு அக்கரையில் மேயும்படி சொல்லிவிட்டார்கள். மச்சான் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை என்பதைக் குணசீலன் தழுதழுத்த குரலில் நினைவுகூர்ந்தார். மச்சானின் அலறல் தமக்கும் கேட்டதாகவும், ஆனால் இம்முறை அதன் பக்கத்தில் உட்கார முடிந்ததாகவும் சொன்னார். கூட்டம் அதை ஒரு முன்னேற்றமாகப் பதிவு செய்துகொண்டது.

கிளையில் இருந்தபடி பொன்னுத்தாயி இவ்வளவையும் கேட்டாள். யோசித்துப் பார்த்தாள். தான் கத்தினால் இவர்கள் ஓடப் போவதில்லை. ஓடாததோடு ஒரே இடத்தில் வந்து குவிந்து, கண்ணையும் மூடிக்கொள்வார்கள். புலியே கூப்பிட்டிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் இவர்களுக்குத் தான் செய்யக்கூடிய ஒரே உதவி, வாயை மூடிக்கொண்டிருப்பது.

இந்த முடிவுக்கு வந்ததும் அவளுடைய கை நடுக்கம் நின்றது. கிளையில் குப்புறப் படுத்து, நான்கு காலையும் தொங்கவிட்டு, வாய் ஓரம் எச்சில் வழியத் தூங்கினாள். மத்தியானம் கழிந்து, வெயில் இறங்கி, கிளிகள் கூடு திரும்பும்வரை தூங்கினாள்.

மான்கள் அண்ணாந்து பார்த்து ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டன. சாந்தமூர்த்திக்கு இரண்டாம் முறையாகப் பொன்னாடை போர்த்தப்பட்டது. இவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட பின், வட்டமாக உட்காரும் பயிற்சியை யாரும் கத்தாமலேயே தினந்தோறும் சாயங்காலம் நடத்துவது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

நீதி: தூக்கமின்மைக்கு நிலையான மருந்து ஒன்றே ஒன்றுதான். நாம் சொல்வதை யாரும் கேட்கப் போவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்துவிட வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே, பயிற்சி வட்டம் சுருங்கி, ஒரு சின்ன நெல்லி மரத்தின் நிழலுக்குள் அடங்கிவிட்டது.