ஐந்து மாணிக்கங்களும் ஒரு தீர்மானமும்

உலக நாடுகள் எல்லாம் செவ்வாய்க்கு ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த வேளையில், காதலை ஒழுங்குபடுத்த ஐவர் குழு அமைத்த பெருமை மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக்கே உரியது. பெயர்: 'இணையக் காதல் மோசடித் தடுப்புக் குழு'. தலைவர் அசோகன், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. செயலாளர் அடியேன். ஐவருமே தனிக்கட்டைகள், ஆகவே பாரபட்சத்துக்கு இடமில்லை.

பதினான்கு 'அபாய அறிகுறிகள்' அடங்கிய கையேடு வெளியிட்டோம். எச்சரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான், பக்கத்துச் சந்தில் நகைக் கற்களுக்குத் துளை போடும் தேசம்மா, கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்வதாகத் 'தகவல்' வந்தது. அவசரக் கூட்டம் கூட்டி அவரை வரவழைத்தோம்.

"யாரம்மா அந்த ஆள்?" என்றார் தலைவர்.

"லாரன்ஸு. கொட்டிவாக்கத்துல மீன் புடிக்கிறாரு. பேஸ்புக்ல பழக்கம்."

"கப்பல் கேப்டன் என்று சொன்னானா?"

"கப்பலா? ஃபைபர் படகு ஒண்ணு கீது சார்."

"பணம் கேட்டானா?"

"இல்ல. ஞாயித்துக்கெழம நேர்ல வந்து வஞ்சிரம் குடுத்தாரு."

தலைவர் முகம் இருண்டது. "பரிசு கொடுத்து நம்பவைத்தல். அறிகுறி எண் ஒன்பது!"

படிக்காதவர்கள் எத்தனை சுலபமாக ஏமாந்துபோகிறார்கள்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அத்த உடுங்க சார், உங்க வேலைய வாங்கிக்கங்க." தேசம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்துத் தலைவர் முன்னால் மேசைமேல் வைத்தார். "லண்டன்லேர்ந்து மாணிக்கம் வந்துகீது, செயின்ல கோக்கணும், யாராண்டயும் சொல்லாதன்னு குடுத்தீங்களே? தொள போட்டாச்சு."

"அது... நண்பர் ஒருவருடையது."

"அந்த நண்பராண்ட சொல்லிடுங்க, இது கண்ணாடி. நெஜ மாணிக்கம்னா வைர ஊசியே தேஞ்சி பூடும், அர நாள் ஆவும். இது டீ ஆறதுக்குள்ள எறங்கிடுச்சி."

அசோகன் நாற்காலியில் சரிந்தார். "ஐயையோ! மீதி நகைப்பெட்டி சுங்கத்தில் நிற்கிறதாம். இன்று மாலைக்குள் எட்டு லட்சம் அனுப்பச் சொன்னாளே! வேளச்சேரி வீட்டை விற்க முன்பணம்கூட வாங்கிவிட்டேன். டயானா, நீயா இப்படி?"

"அட நைனா! அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை..."

"அப்ப வூடு தப்பிச்சிது. முன்பணத்த திருப்பிக் குடுத்துட்டு, நிம்மதியா ஒரு காபி சாப்புடுங்க."

டயானா என்ற பெயரைக் கேட்டதும் என்னையும் சேர்த்து மற்ற நால்வருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. தேசம்மா சுருக்குப்பையைக் கவிழ்த்தார். இன்னும் நான்கு சிவப்புக் கற்கள் உருண்டு வந்தன. ஒன்று நேராக என் முன்னால் வந்து நின்றது.

"ஒரே வாரத்துல அஞ்சு. அதே கல்லு, அதே லண்டன், அதே 'யாராண்டயும் சொல்லாத'. ஒரே நூல்ல கோத்துத் தரட்டா?" என்று சிரித்துவிட்டு, லாரன்ஸ் வாசலில் வண்டியோடு நிற்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஐவரும் அவரவர் கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். ஆயினும் குழு கடமை தவறவில்லை. தீர்மானத்தை நானே எழுதினேன். ஒருமனதாக நிறைவேறியது: 'தேசம்மா என்னும் அப்பாவிப் பெண்மணி எளிதில் ஏமாறக்கூடியவர் என்பதால், அவரைத் தொடர்ந்து கண்காணிக்க இக்குழு முடிவு செய்கிறது.'

ஐவரும் கொஞ்சமும் கூசாமல் கையெழுத்துப் போட்டோம். டயானா பார்த்திருந்தால் எங்களிடம் பாடம் கேட்க வந்திருப்பாள்.