நாலு சிறகு ஈ

“சிங்கப்பூர் லேப்புல பத்து டாக்டருங்க மண்டைய உடைச்சிக்கிறாங்களே, நாலு சிறகு ஈ! அது என் குசினி வாழைப்பழத்துல தானாப் பொறந்திருக்கு!”

சதாசிவம் வேலிக்கு மேல் எட்டி அறிவித்தார். பக்கத்து வீட்டு ராசம்மா துணி உதறுவதை நிறுத்தவில்லை.

“ஈக்கு வழக்கமா எத்தனண்ணே?”

“ரெண்டுதான். அதான் விசேஷமே!”

அப்பட்டமான புளுகு. மனைவி போய்ச் சேர்ந்தபின் மாசாய் ஊர் வீட்டில் அவர் தனி. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணிடம் “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்கும் அளவுக்குத் தனி. மகள் ரூபினிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஈ ஆராய்ச்சி. அப்பாவுக்காக வராதவள், ஈக்காகவாவது வரமாட்டாளா?

ஃபோனில் அவள் சிரித்தாள்.

“நடக்காதுப்பா. டி.என்.ஏ நூல் சுத்தியிருக்கிற கண்டுக்குப் பேருதான் ஹிஸ்டோன். ஒரு என்சைம் கூட்டம் அதுல மெத்தில்னு முத்திரை மாதிரி சாப் குத்தும். அந்தக் கூட்டம் கெட்டாத்தான் தப்பான இடத்துல சிறகு முளைக்கும். அந்த மாதிரி ஈ எங்க லேப்புல மட்டுந்தான் இருக்கு.”

“இங்கயும் இருக்குலா!”

“சரி, பிடிச்சி வைங்க. சனிக்கிழமை வர்றேன்.”

வருகிறாள்! ஆனால் வீட்டில் ஈயே அதிகமில்லை. சதாசிவம் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தார் வாழைப்பழத்தை அழுக விட்டார். பாசிர் கூடாங் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஷிப்டு முடிந்து வெளியேறியதுபோல் ஈக்கள் வந்து குவிந்தன. பாதி ராசம்மாவின் ரசத்தில் இறங்கின.

“அண்ணே! மருந்து அடிக்கப்போறேன்!”

“அலமாக்! வேணாம்மா, அது ஆராய்ச்சி!”

காப்பி கட்டும் பிளாஸ்டிக் பைகளில் ஈக்களைப் பிடித்து ஐஸ்பெட்டியில் வைத்தார். குளிரில் அவை மயங்கிக் கிடந்தன. ராசம்மாவைச் சமாதானப்படுத்த அதே பெட்டியிலிருந்து பாயசம் கட்டிய பையை எடுத்துக் கொடுத்தார். அவசரத்தில் ஈப்பையும் கூடவே போய்விட்டது. அவள் பிரித்ததும், அடுப்புச் சூட்டில் எல்லாம் எழுந்து ஊர்வலம் போயின.

ராசம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மருந்தடித்தாள்.

சனிக்கிழமை ரூபினி பூதக்கண்ணாடியோடு வந்தபோது மிஞ்சியது ஒரே ஈ. கவிழ்த்த கிளாசுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பார்த்து முடித்தால் கிளம்பிவிடுவாளே என்று சதாசிவம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“நாலு சிறகு” என்றாள்.

சதாசிவத்தின் முகம் சுருங்கியது. “எனக்காகப் பொய் சொல்லாதம்மா. நீ வரணும்னு நான் கட்டிவிட்ட கதை.”

“கதையில்லப்பா, நடந்திருக்கு. இது எங்க லேப் ஈயோட வாரிசு. போன மாசம் சொல்லாம வந்தேன். குசினியில லேப் பைய வச்சிட்டு, உங்களத் தேடிக் காப்பிக் கடைக்குப் போனேன். அந்தப் பையிலதான் ஈ ஒட்டிகிட்டு வந்திருக்கணும். ‘என் மக வாரா வாரம் வந்துடுவா’ன்னு எல்லார்கிட்டயும் பெருமையா அளந்துகிட்டிருந்தீங்க. முன்னால வந்து நிக்க வெக்கமாயிருச்சி. பைய எடுத்துகிட்டுத் திரும்பிப் போயிட்டேன்.”