மஞ்சள் ஒயர்

"போன வாரம் படமாவது தெரிஞ்சுது, கலர்தான் இல்ல. நீ பாத்துட்டுப் போனப்புறம் படமே இல்ல. நல்ல மெக்கானிக்ணே நீ!" என்றாள் தங்கை ஹெலன்.

சாம்சன் டிவியைத் திருப்பினார். படத்துக்கான மஞ்சள் ஒயர் சொருகும் துளை ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. சங்கரன்கோவிலில் இருபத்தைந்து வருடமாக டிவி பிரிப்பவருக்குத் தெரியாததா? ஆனால் ஒழுங்காகப் பற்றவைத்துவிட்டால், அடுத்த வாரம் தங்கை வீட்டுக்கு எந்தச் சாக்கில் வருவது?

மூன்று வருடத்துக்கு முன் இந்தப் புது வீட்டின் பிரதிஷ்டை ஜெப அழைப்பிதழில் தாய்மாமன் சாம்சனின் பெயர் விட்டுப்போயிற்று. அவர் விழாவுக்கு வரவில்லை. தங்கை கணவர் பெத்துராஜும் சமாதானம் சொல்லவில்லை. அன்றோடு நின்ற பேச்சு. போன மாதம் டிவி கெட்டதும், தொழில் வேறு கோபம் வேறு என்று சாம்சன் படியேறினார். ஆண்டவர் கெடுத்த டிவி என்றே நம்பினார்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து பெத்துராஜ் மனைவியிடம் சொன்னார். "ஏட்டி, ரிப்பேர்காரருக்குக் காபியில சீனி கூடப் போடு."

"ஹெலன், எனக்கு இப்ப சுகர்னு வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு."

பேப்பர் சட்டென்று இறங்கியது. "எப்பருந்துன்னு கேளு!"

சாம்சன் அவசரமாகக் குனிந்து மஞ்சளைப் பற்றவைத்து, பக்கத்தில் சத்தத்துக்கான வெள்ளையையும் சிவப்பையும் லேசாக நெம்பிவிட்டார். படம் வந்தது, சத்தம் போயிற்று.

"சத்தத்த அடுத்த வாரம் பாப்போம்."

தங்கை மகள் அபிஷா ஊமைப் படத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பரவால்ல மாமா. சத்தத்த நானே போட்டுக்கிடுதேன்." பூனைக்கும் எலிக்கும் அவளே மாறி மாறிக் கத்தினாள்.

அதற்குமேல் சாம்சனால் முடியவில்லை. பிள்ளையை ஏமாற்றியா உறவு கொண்டாடுவது? மூன்று துளைகளையும் அசையாமல் பற்றவைத்தார். படம், கலர், சத்தம், எல்லாம் பளிச்சென்று வந்தன.

யாரும் சந்தோஷப்படவில்லை. ஹெலன் முகம் வாடியது. பெத்துராஜ் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"இனி கெடாது. வாரேன்" என்று சாம்சன் செருப்பைத் தேடினார்.

அபிஷா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அப்போ புது டிவிய இனி மாமா வரும்போது கட்டிலுக்கடியில ஒளிச்சு வைக்க வேண்டாம்லா?"