ஆயில் அக்கா என்ன சொன்னார்?

அருப்புக்கோட்டையில் தொடங்கி வீரசோழன் வரைக்கும், நாலு சக்கரத்தில் உருளுகிற அத்தனை வண்டிகளின் வயிற்றுக்குள்ளும் என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஒரே மனுஷி ஆயில் அக்காதான். எது ஓடியே தேய்ந்தது, எது நின்றே கெட்டது, எது சொல்லாமல் கொள்ளாமல் எந்த ஊருக்குப் போய்வந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள் என்றாலே பயம். ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

திருச்சுழி ரோட்டில் இரண்டு கார் மட்டும் நிற்கக்கூடிய ஒரு பட்டறை. அதன் ஓரத்தில் தகரத் தடுப்பு. தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு போன், ஒரு நீள நோட்டு, அக்கா. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, ஆயில் மாற்ற நாளாகிவிட்டது என்று ஞாபகப்படுத்துவதுதான் உத்தியோகம். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. ஊரில் கார் வைத்திருந்த எல்லாருடைய போனிலும் 'ஆயில் அக்கா' என்றே பதிவாகியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் எனக்கும் அக்கா. எழுபது வயதுக்காரருக்கும் அக்கா. பதிலுக்கு எங்கள் எல்லாரையும் அவர் 'அண்ணே' என்பார்.

நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பட்டறை முதலாளி போனுக்கு முன்னால் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் எழவே இல்லை.

"வீட்டுல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுவாகண்ணே. இங்க போனப் போட்டா, திட்டுறதுக்காச்சும் ஒரு ஆளு எதுத்தாப்புல இருக்காக" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எம்.ரெட்டியபட்டியில் ஒரு பருத்தி விவசாயி. மகன் வாங்கிக் கொடுத்த காரைக் கொட்டகையில் நிறுத்தி, பழைய வேட்டியால் போர்த்தி, தினமும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர். அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஆயில் மாத்தணும்."

"வண்டி எங்கத்தா ஓடுச்சு? ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயிலு?"

"ஒரு வருசமாக் கொடத்துல கெடக்குற தண்ணிய எடுத்துக் குடிப்பீகளா?"

"அதெப்படிக் குடிக்க?"

"வண்டிய மட்டும் குடிக்கச் சொல்றீக!"

மறுநாள் வண்டி வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்து நின்றது.

காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஸ்பேனர் படம் எரியும். ஆயில் சர்வீஸுக்கு வரச் சொல்லுகிற விளக்கு அது. உள்ளே எட்டிப் பார்த்து, 'அடடா, ஆயில் கறுத்துவிட்டதே' என்று கவலைப்பட்டுத்தான் அது எரிகிறது என்று நானும் நம்பியிருந்தேன். அக்காவிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுக்கு எண்ணத் தெரியும்ண்ணே, எண்ணெ தெரியாது."

"அப்படின்னா?"

"ஆயில் மாத்துன அன்னைக்குச் சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். இத்தன கிலோமீட்டர், இல்லைன்னா இத்தன மாசம், எது முந்துதோ அன்னைக்கு எரியும். அம்புட்டுத்தான். புது வண்டிகள்ல அது கொஞ்சம் படிச்ச புள்ள. இஞ்சின் எம்புட்டுச் சூடாச்சு, எத்தன தடவ ஸ்டார்ட் பண்ணீக, ஏசியப் போட்டுக்கிட்டு நின்ன எடத்துலயே எம்புட்டு நேரம் உறும விட்டீக, எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுச் சொல்லும். ஆனா ஆயில எட்டிப் பாத்துச்சான்னு கேட்டா, பாக்காது."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "நானும் அப்படித்தான. யார் வண்டியையும் பாக்காமத்தான் போன்ல சொல்றேன். ஆனா நான் நாலு வார்த்த கேப்பேன். அது கேக்காது, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் அக்கா. ஊரில் சில பேர் ஆயிலை மாற்றாமலே விளக்கை அணைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பு, இஞ்சினைக் கிளப்பாதே, மீட்டருக்குக் கீழே இருக்கிற குமிழைப் பிடித்து அமுத்திக்கொண்டே இரு. ஸ்பேனர் நாலுதரம் சிமிட்டிவிட்டு மறைந்துவிடும். இப்படிச் செய்துவிட்டு வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரரின் காரில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்த மெக்கானிக், விரலில் ஒட்டிய கறுப்புக் களிம்பை அக்காவிடம் கொண்டுவந்து காட்டினார். அக்கா கடைக்காரரைத் திட்டவில்லை. நேரே போய்க் கார்க் கதவைத் திறந்து, மீட்டரைப் பார்த்துச் சொன்னார்:

"ஒன்னைய நல்லா ஏமாத்திப்புட்டாகத்தா. புது ஆயில் ஊத்திட்டாகன்னு நம்பி, மறுபடி ஒன்னுல இருந்து எண்ணிக்கிட்டு இருக்கியே."

ஜவுளிக்கடைக்காரர் அன்றைக்கு ஆயிலையும் மாற்றினார், பில்டரையும் மாற்றினார். தன் காருக்கு ஒரு பெண் ஆறுதல் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

எல்லாரும் அப்படி இல்லையே. பரளச்சியில் நிலம் வைத்திருந்த ஒருவர், ஞாயிறு தவறாமல் காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறவர், ஒருநாள் மனைவியோடு பட்டறைக்கு வந்தார். அக்கா நோட்டைப் புரட்டினார். மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"ஏண்ணே, பரளச்சியத் தூக்கிக் கேரளாவுல வச்சுட்டாகளா? இம்புட்டுக் கிலோமீட்டர் வருது?"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். கடைசியில் மனிதர் ஒப்புக்கொண்டார். வாராவாரம் குற்றாலத்துக்குப் போயிருக்கிறார். தனியாக. அருவியில் தலையைக் கொடுத்து அரைமணி நேரம் நின்றுவிட்டு, துண்டைக் காரிலேயே காயப்போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். வானம் பார்த்த பூமியில் பிறந்து, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த ஒருவர் தண்ணீருக்குக் கீழே போய் நின்றதில் என்ன குற்றம்? ஆனால் மனைவி நம்பவில்லை. மனிதர் முதலாளியிடம் புகார் செய்தார்.

முதலாளி தகரத் தடுப்புக்குள் வந்து நிதானமாகச் சொன்னார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இந்தா பாரும்மா. புது வண்டியில லைட்டே எரியுது. கம்ப்யூட்டர் தானா மெசேஜ் அனுப்புது. ஒன்னைய வச்சிருக்கிறது பழக்கத்துக்காகத்தான். இன்னொரு புகார் வந்துச்சு, போன எடுத்து உள்ள வச்சிருவேன். நீ வாட்டர் வாஷுக்குப் போயிரு."

அக்கா தலையாட்டினார். முதலாளி போனதும், போனைத் தன் முந்தானையால் ஒருதரம் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

அந்த இன்னொரு புகாராக நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகள், காதுகுத்து அழைப்புகள், கண்ணீர் அஞ்சலிகள். பிழை திருத்துவது நான்தான். ஒரு ஒற்று கூடினாலும் குறைந்தாலும் என் கண்ணில் மணல் விழுந்தது மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், வீரசோழனில் ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக என் காரில் ஸ்பேனர் எரிந்துகொண்டிருந்தது. அக்காவும் மூன்று தரம் கூப்பிட்டிருந்தார். நான் எடுக்கவில்லை.

திருச்சுழி தாண்டி, ரோடு வேலை நடக்கிற இடத்தில் ஒரு ஜல்லிக் குவியல்மேல் ஏற்றி இறக்கினேன். அடியில் 'டங்' என்றது. கொஞ்ச தூரத்தில் மீட்டரில் புதிதாக ஒரு படம், சிவப்பாக. அழகான சின்ன விளக்கு, நுனியில் ஒரு சொட்டு. கார்த்திகைக்கு ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது. ஸ்பேனரைச் சட்டை செய்யாததால் விளக்கு ஏற்றிக் கூப்பிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஏசிக்காக இஞ்சினை ஓட விட்டபடியே ஓரமாக நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டேன். சிக்னல் பாதி வந்தது, பாதி வரவில்லை.

"அக்கா, விளக்கு மாதிரி ஒன்னு எரியுது. நுனியில சொட்டு."

"செவப்பாண்ணே?"

"செவப்புத்தான்."

"அய்யய்யோ! அமத்துங்கண்ணே! மொதல்ல அமத்துங்க!"

என் காதில் விழுந்தது 'அமுத்துங்க'. எங்கள் பக்கத்தில் விளக்கையும் இஞ்சினையும் அணைப்பதற்கு அமத்துவது என்போம். பொத்தானை அழுத்துவதற்கு அமுத்துவது என்போம். நடுவில் இருப்பது ஒரே ஒரு உகரம். நான் மீட்டருக்குக் கீழே இருந்த குமிழை அமுத்தினேன்.

"அமுத்திட்டேன்க்கா."

"நல்லதுண்ணே."

"ஆனா இன்னும் எரியுதே?"

"சாவி தொறந்திருந்தா அது எரியத்தான் செய்யும். இனிப் பயமில்ல. எங்க நிக்கிறீகன்னு..."

போன் அறுந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். பிரியாணிச் சட்டியைத் திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். இஞ்சினுக்குள் யாரோ ஆணிகளைக் கொட்டிக் கிளறுகிற மாதிரி சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

இறங்கிப் பின்னால் பார்த்தேன். வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் கறுப்புப் புள்ளிகள். ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவன் வைத்துக்கொண்டே போன புள்ளிகள்போல, கானல் நெளிகிற தூரம் வரைக்கும்.

ஸ்பேனர் என்றால், நாளாகிவிட்டது, வா என்று அர்த்தம். சிவப்பு விளக்கு என்றால், இஞ்சினுக்குள் ஆயில் ஏறவில்லை, இந்த நிமிஷமே நிறுத்து என்று அர்த்தம். முன்னது வருஷக்கணக்கு, பின்னது உயிர்க்கணக்கு. இதை எனக்கு விளக்கியவர் மெக்கானிக். என் வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து, இஞ்சின் இனிப் பிழைக்காது என்று சொன்ன பிறகு.

முதலாளி வந்தார். "ஏன் சார், லைட் எரிஞ்சதும் போன் பண்ணலையா?"

"பண்ணேனே. அக்காதான் அமுத்தச் சொன்னாக. அமுத்தினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தடுப்புக்குள் அக்கா எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"அண்ணே, நான் அமத்தச் சொன்னேன்."

"அமுத்தச் சொன்னதாச் சொல்றாரே?" என்றார் முதலாளி.

"அமத்த! வண்டிய அமத்த! அண்ணன் அமத்திட்டேன்னு சொன்னதாத்தான் என் காதுல விழுந்துச்சு."

பட்டறை இரண்டாகப் பிரிந்தது. ஒரு மெக்கானிக், "எங்க வீட்டுல லைட்டையும் அமத்துவோம், பட்டனையும் அமத்துவோம்" என்றார். இன்னொருவர், "ஏலே, பட்டன எவன்டா அமத்துவான்? அமுத்துவான்" என்றார். ஆயில் கையோடு நின்ற நாலு பேரும் மாறி மாறி இரண்டையும் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல இரண்டும் ஒன்றாகிவிட்டது. பத்துதரம் சொன்னபின் எது எது என்று சொன்னவர்களுக்கே தெரியவில்லை.

முதலாளி கையை உயர்த்தினார். "சார், நீங்க தமிழ்லயே பொழைக்கிறவுக. தெளிவாச் சொல்லுங்க. இந்தம்மா என்ன சொன்னுச்சு?"

அவர் கை போன்மேல் இருந்தது. அக்கா போனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரிந்தது. ஈரத் தரை, பிரஷர் குழாய், வீட்டுக்குப் போனால் டிவி. எனக்கோ மானம். நாள் முழுக்க அடுத்தவர்களின் உகரத்தைத் திருத்துகிறவன் தன் காதில் விழுந்த ஓர் உகரத்தில் இஞ்சினைத் தொலைத்தான் என்று ஊர் சிரிக்கும்.

"அமத்தச் சொன்னாக" என்றேன். "எனக்குப் பிரியாணி நெனப்பு. காதுல சரியா விழல. மூனு தரம் ஆயில் மாத்தக் கூப்பிட்டாக, அதையும் எடுக்கல. தப்பு பூரா என்னுது."

முதலாளி போனிலிருந்து கையை எடுத்தார். மெக்கானிக்குகள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதுவதாக இல்லை. அந்த வருஷம் அருப்புக்கோட்டை டீக்கடைகளில் எனக்கு 'அமுத்து சார்' என்று பெயர்.

காரைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டார். ஆயிலைப் பற்றிப் பேசவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார், அச்சகத்தைப் பற்றி விசாரித்தார், இப்போதெல்லாம் தான் அந்தச் சொல்லையே சொல்வதில்லை, 'சாவியத் திருப்பிக் கையில எடுத்துக்கங்க' என்றுதான் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டுமா? அன்னைக்குப் பதட்டத்துல நான் நெசமா என்னதான் சொன்னேன்? ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. வீட்டுல ஒரு பாஷ, வெளிய ஒரு பாஷ. நாக்கு எங்கயாச்சும் பொரண்டிருக்குமோன்னு..."

எனக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. காதில் விழுந்ததைக் கேட்டால் ஒன்று சொல்கிறது, அவர் முகத்தை நினைத்தால் இன்னொன்று சொல்கிறது.

"அமத்துங்கன்னுதான் சொன்னீக" என்றேன். "எனக்கு நல்லாத் தெரியும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பட்டறைக்குள் ஒரு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகை ஒன்று மேசையில் காத்துக்கொண்டிருந்தது. போனை வைக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.