மாப்பிள்ளை வண்டிக்கு மாமனார் வைத்த வெல்டிங்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் கொட்டகையில் நிற்கும் உங்கள் குட்டி லாரியும் எஞ்சின் கழற்றிய நிலையில் சௌக்கியமாகவே இருக்கிறது. எட்டு பேட்டரிகளுக்கும் தூசி படாமல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். சௌக்கியமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாரத்துக்கு மூன்று முறை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லத்தான் நாலு தரம் கூப்பிட்டேன். நாலு தரமும் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் நாக்கு உள்ளே போய்விட்டது. அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன மாதம் உங்கள் அத்தைக்கு அனுப்ப வேண்டிய என் மூலநோய் மருந்துச் சீட்டைக் குடும்பக் குழுவில் போட்டு, சம்பந்தியம்மா சீக்கிரம் குணமாகட்டும் என்று பூங்கொத்துப் படம் அனுப்பியது உங்களுக்கே தெரியும். ஆகவே காகிதம். படித்ததும் கிழித்துவிடவும். முக்கியமாக, இது என் மகள் கண்ணில் படவே கூடாது.

விஷயம் இதுதான். நான் செய்து வைத்திருக்கும் பேட்டரி ரேக்கை வண்டியில் மாட்டாதீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். வண்டியின் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைக்கப்போகிறேன், பேட்டரிகளைத் தாங்க இரும்பு ரேக் ஒன்று பட்டறையில் கொடுத்துச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, "எதுக்கு மாப்ள வெளியில குடுக்கணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று பாய்ந்தவன் நான்தான். நீங்கள் தயங்கினீர்கள். நான் பீரோ தொழிற்சாலையில் வேலை பார்த்த முப்பத்தொரு வருஷத்தை எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே உங்கள் சித்தப்பா "சம்பந்தி வெல்டிங்ல புலியாமே!" என்றார், நான் இல்லை என்று சொல்லவில்லை, காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அந்த முப்பத்தொரு வருஷமும் நான் அங்கே தரம் பார்க்கிறவன். மற்றவர்கள் வைத்த வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவதுதான் என் வேலை. தொழிற்சாலையில் என் பேரே பெருக்கல். வெல்டிங் ஹோல்டரைக் கையால் தொட்டது, ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், உங்கள் ரேக்குக்காகத்தான் முதல் தடவை.

நீங்கள் தபாலில் அனுப்பிய ரேக்கின் அளவுப் படத்தை நான் பிரிக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் போட்ட படத்தைப் பார்த்து வேலை செய்ய நான் என்ன நேற்று வந்தவனா என்ற கொழுப்பு. அகலத்தை ஸ்கேலால் எடுத்துவிட்டேன், நீளத்துக்கு டேப் வேண்டியிருந்தது. என் டேப்பின் நுனி எப்போதோ உடைந்து முதல் ஒரு அங்குலமே கிடையாது, அது ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். எட்டு பேட்டரிகளையும் வரிசையாக அடுக்கி, நான் டேப்பைப் பிடித்து, வந்த அளவில் கவனமாக ஒன்றைக் கழித்துச் சொல்ல, உங்கள் அத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தக் கணக்குப்படி இரும்பு ஆங்கிள் வெட்டி, ரேக்கை முடித்து, பேட்டரிகளை இறக்கினால் ஏழு சமர்த்தாக உட்கார்ந்தன, எட்டாவது மட்டும் இறங்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது. சரியாக ஓர் அங்குலம் குறைச்சல். எனக்கு வந்ததே ஒரு கோபம், சமையலறைக்குப் போய் "நான் சொன்னத எழுதினியா, இல்ல உன் இஷ்டத்துக்கு எழுதினியா?" என்று குதித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "நீங்க சொன்னதுல ஒண்ணு கழிச்சு எழுதினேன். டேப்பு ஒடஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தானே எழுதறேன்? நீங்க என்னிக்காவது கழிச்சுச் சொல்லியிருக்கீங்களா? ஜன்னல் திரை, கொசுவலை, சோபா உறை எல்லாம் எப்படிக் கச்சிதமா வந்துச்சுன்னு நெனச்சீங்க?" எனக்குத் தெரியவே தெரியாது மாப்பிள்ளை. இத்தனை வருஷமாக என் அளவு ஒரு நூல் பிசகாது என்று மார்தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் இவள் சத்தமில்லாமல் கழித்த அங்குலத்தால்தான். இந்த ஒரு தடவை, மாப்பிள்ளை வண்டியாயிற்றே, ஜாக்கிரதையாக இருப்போம் என்று நானே கழித்துத் தொலைத்தேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்கவும். இது தெரிந்த பிறகுதான் நான் உங்களுக்குப் போன் செய்தேன். "என்ன மாப்ள படம் போட்டிருக்கீங்க? ஒரு அங்குலம் உதைக்குது! படிச்சவங்க போடற படமா இது?" என்று கேட்டேன். பிரித்தே பார்க்காத படத்தைப் பற்றித்தான் கேட்டேன். நீங்கள் "சாரி மாமா, நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? லீவு நாளில் உட்கார்ந்து புதிதாக ஒரு படம் வேறு போட்டு அனுப்பினீர்கள். முந்தாநாள்தான் இரண்டையும் பிரித்தேன். இரண்டிலும் ஒரே அளவு, இரண்டும் சரி. இரண்டாவது படத்தின் அடியில் "மூணு தடவை பார்த்துட்டேன் மாமா, அதே அளவுதான் வருது. ஆனா உங்க அனுபவத்துக்கு முன்னாடி என் கணக்கெல்லாம் எம்மாத்திரம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காகிதத்தை மடிக்கக்கூடக் கை வரவில்லை. உங்கள் 'சாரி'யை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், பெற்றுக்கொள்ளவும். அது என்னுடையது.

சரி, தப்பு நடந்துவிட்டது, ரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்திருக்கலாம் அல்லவா? செய்யவில்லை. இரண்டு நீள ஆங்கிளையும் நடுவில் அறுத்து, ஓர் அங்குலத் துண்டை இடையில் செருகி ஒட்டவைக்கப் பார்த்தேன். தெருமுனையில் ஜன்னல் கிரில் செய்யும் கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்த வெல்டிங் மெஷின் கொட்டகையில்தான் இருந்தது. வெல்டிங் ராடை வைத்தால் அது ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது, இழுத்தால் ரேக்கும் சேர்ந்து வருகிறது. பிடுங்கி எடுத்து மறுபடி வைத்தால் துண்டு உருகி ஓட்டை விழுகிறது. ஓட்டையை அடைக்க அதன் மேல் இன்னொரு ராடு. முடித்துவிட்டுப் பார்த்தால் காக்கா எச்சம் போட்ட மாதிரி நாலு இடத்தில் திட்டுத்திட்டாக நிற்கிறது. மட்டமாக்கலாம் என்று கிரைண்டரைப் பிடித்தேன், வெல்டிங்கில் பாதி பறந்துவிட்டது. அப்புறம் என்ன செய்தேன் என்பதை எழுதப் பேனா வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பட்டி வைத்தேன். சுவரில் பெயிண்ட் அடிக்குமுன் பூசுகிற பட்டியை இரும்பு மூட்டில் அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். தொழிற்சாலையில் எவனாவது வெல்டிங்கில் பட்டி வைத்து ஏமாற்றினால், பத்துப் பேர் முன்னால் அவனை நிறுத்தி, அவன் நகத்தாலேயே சுரண்டச் சொல்லுவேன். அப்படிச் சுரண்டியவர்களில் ஒருவர்தான் இந்தக் கிரில் கடைக்காரர்.

மெஷினைத் திரும்ப எடுக்க வந்தவர் ரேக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலால் அந்த மூட்டை ஒரு தடவு தடவினார். "பெயிண்டு நல்லா அடிச்சிருக்கீங்க சார்" என்றார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவரைச் சுரண்டச் சொல்லுமுன் நானும் இதையேதான் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்து சொன்னாரா, இல்லாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இதற்குள் உங்கள் அத்தை ரேக்கைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அவளுக்குப் பட்டி விஷயம் தெரியாது, பெயிண்ட் மட்டும்தான் தெரியும். உங்கள் அப்பா வாசலுக்குக் கேட் செய்து தரச் சொன்னார். உங்கள் சித்தப்பா தன் மாடிப்படிக்குக் கைப்பிடி கேட்டார். எல்லாருக்கும் கும்பிடு படம் போட்டேன். உங்கள் தங்கை தன் குழந்தைக்கு ஊஞ்சல் கேட்டாள், அதற்கு மட்டும் போனை அணைத்து வைத்துவிட்டேன். இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். போன செவ்வாய்க்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பா, வண்டி வந்ததும் என் நர்சரிச் செடியெல்லாம் நானே கொண்டு போய்க் குடுக்கப்போறேன். பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு அப்படியே பக்கத்துல உக்கார வெச்சுக்குவேன். பேட்டரி வண்டி, பாத்து, பாத்துன்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. எங்கப்பா இருக்காரு, எனக்கென்ன பயம்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். அந்த ரேக் சீட்டுக்கு நேர் கீழே வருகிறது, மாப்பிள்ளை. ஒரு பேட்டரியைத் தூக்கவே எனக்கு நடுவில் ஒருமுறை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அதில் எட்டு. ஒரு பள்ளத்தில் இறங்கி அந்த மூட்டு வாயைப் பிளந்தால்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. வெல்டிங் தெரியாதது ஒன்றும் கேவலமில்லை, ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாததைப் பட்டி பூசி மறைத்து என் பேத்திக்கு அடியில் வைக்கப் பார்த்தேனே, அதை நினைத்தால்தான் கூசுகிறது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் நீங்கள் வரும்போது ரேக்கை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பேட்டரியின் மாடலை மாற்றப்போகிறேன், இது சேராது என்று என் மகளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் படத்தை நல்ல பட்டறையில் கொடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். இந்த ரேக்கைப் பூந்தொட்டி வைக்க மாமா கேட்டார் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு பொய். அவள் முகத்தில் மட்டும் நான் விழிக்க முடியாதபடி ஆக்கிவிடாதீர்கள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும், நல்ல பிரேக்கோடும், எந்த மூட்டிலும் குறையில்லாமலும் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

இப்படிக்கு,
நிமிர்ந்து பார்க்க முடியாத நிலையிலுள்ள
உங்கள் மாமனார்.

பி.கு.: மேலே கேட்டுக்கொண்டது எதுவும் செல்லாது. கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது கிரில் கடைக்காரர் வந்தார். "மனசு கேக்கல சார்" என்று சொல்லி, ரேக்கை இரண்டு கல்மேல் தூக்கி வைத்து, பேட்டரி கனத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, அதன் மேல் தானும் ஏறிக் குதித்தார். மூட்டு அசையவில்லை. "தாங்குது சார். விடுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். உங்கள் அத்தையிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், அவளும் "அதான் தாங்குதே, லெட்டரக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். பொய் சொல்வானேன், எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கிழிக்கக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் அவரைக் கேட்டேன்: "ஏம்ப்பா, உன் பொண்ண இது மேல உக்கார வெச்சு அனுப்புவியா?" அவர் மணல் மூட்டைகளை இறக்கி வைத்தார். "கிரைண்டர் எங்க சார் வெச்சிருக்கீங்க?" என்றார். ரேக்கைப் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்து, என்ன சத்தம் என்று கேட்டாள். டேப்பிலிருந்து பட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை, கடிதத்தை மறைக்க வேண்டியதுமில்லை. 'சாரி'யை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் சொன்னாள்: "உங்களுக்கு வெல்டிங் வராதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? ஒடஞ்ச நாற்காலிக்குக் கயிறு கட்டினவர்தானே நீங்க. நீங்க செஞ்சீங்கன்னு நான் தைரியமா இருக்கல. தப்பா இருந்தா எங்கப்பா விட மாட்டாருன்னுதான் தைரியமா இருந்தேன்." ஆனால் மாப்பிள்ளை, அந்தத் தப்பை மூன்று வாரம் விட்டுத்தானே வைத்திருந்தேன்.